பட்டியலுக்குள் அடங்காத பொருத்தம்

ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை வாங்கி வந்து அரை அங்குலக் குழாயில் இணைக்கும் உழவர் எவரும் இல்லை. மோட்டாரின் திறன், குழாயின் விட்டம், கிணற்றின் ஆழம், மின்கம்பியின் தடிமன் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று இயைந்தால்தான் தண்ணீர் வயலுக்கு வரும் என்பதை அவர் அறிவார். கணிப்பொறிக்கு உறுப்புகள் வாங்குவதும் இத்தகைய வேலைதான். ஆயினும் இங்கு நாம் கணக்குப் பார்ப்பதில்லை. உற்பத்தி நிறுவனம் வெளியிடும் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள பெயர்களைக் கடையில் சொல்லி வாங்கி வருகிறோம். வீட்டுக்கு வந்து இணைத்த பின்னர்தான் பட்டியலில் எழுதப்படாத செய்திகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்குகின்றன.

இப்பட்டியல்களுள் மிகுந்த செல்வாக்குப் பெற்ற ஒன்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். மெய்நிகர் உலகைக் காட்டும் ‘ரிஃப்ட்’ என்ற கருவிக்கு எத்தகைய கணிப்பொறி வேண்டும் என்று அமெரிக்காவின் ஆக்குலஸ் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்ட பட்டியலே அது. பின்னர் வந்த பல நிறுவனங்களின் பட்டியல்களும் பெரும்பாலும் அதே அச்சில் வார்க்கப்பட்டவை. ஆகவே அதன் நிறையும் குறையும் ஏனையவற்றுக்கும் பொருந்தும்.

கருவி செய்யும் வேலை

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். வி.ஆர். ஹெட்செட் என்பது முகத்தில் கண்ணாடிபோல் அணியப்படும் ஒரு சிறு பெட்டி. உள்ளே இரு கண்களுக்கும் தனித்தனிக் காட்சிகள் தோன்றும். திரைகளுக்கு முன்னால் உருப்பெருக்கும் வில்லைகள் உள்ளன. நாம் தலையை இடப்புறம் திருப்பினால், காட்சி அதே அளவுக்கு வலப்புறம் நகர வேண்டும். குனிந்தால் தரை அருகே வரவேண்டும். நாம் நிற்கும் அறையை மறைத்துவிட்டு இன்னோர் இடத்தில் நிற்பதாக மூளையை நம்பவைப்பது இவ்வாறுதான்.

இங்கே காலம் மிகவும் முக்கியம். தலை திரும்புவதைக் காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு உடனே உணர்ந்துவிடுகிறது. கண்ணுக்கு எட்டும் காட்சி பின்தங்கினால் இரண்டு புலன்களும் இருவேறு செய்திகளைத் தருகின்றன. மலைப்பாதையில் பேருந்தில் செல்வோருக்கு நேர்வதைப் போன்ற தலைச்சுற்றலும் குமட்டலும் இதனால் தோன்றுகின்றன. தலை அசைவதற்கும் அதற்குரிய காட்சி கண்ணில் படுவதற்கும் இடையே ஏறத்தாழ 20 மில்லி நொடிக்கு மேல் செல்லலாகாது என்பது இத்துறையினர் கொண்டுள்ள அளவு. ஆகவே, இக்கருவிக்கு ஏற்ற கணிப்பொறியைத் தேர்ந்தெடுப்பது பொழுதுபோக்கு ஆர்வலர்களின் ஆடம்பரக் கவலை என்று தள்ளிவிட முடியாது. பொருந்தாத உறுப்பு, பணத்தை வீணாக்குவதோடு அணிபவரின் உடலையும் வருத்தும்.

பட்டியலும் அதற்கு முன்னுரையாக வந்த கணக்கும்

ஆக்குலஸ் தந்த பட்டியல் சுருக்கமானது. கிராஃபிக்ஸ் கார்டு என்விடியா ஜி.டி.எக்ஸ். 970 அல்லது ஏ.எம்.டி. ஆர்.9-290, ‘அல்லது அதற்கு மேற்பட்டது’. பிராசசர் இன்டெல் ஐ5-4590, ‘அல்லது அதற்கு மேற்பட்டது’. ரேம் 8 கிகாபைட்டு. படத்தை வெளியே அனுப்ப எச்.டி.எம்.ஐ. 1.3. இரண்டு யு.எஸ்.பி. 3.0 போர்ட்டுகள். விண்டோஸ் 7 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. அவ்வளவுதான்.

இப்பட்டியலோடு அந்நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஆட்மன் பின்ஸ்டாக் ஒரு விளக்கக் குறிப்பையும் எழுதினார். பட்டியலைவிட அக்குறிப்பு பன்மடங்கு சிறந்தது. அதில் அவர் போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம்.

வழக்கமான ஒரு கணிப்பொறித் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்ற அளவில் படப்புள்ளிகள் இருக்கும். நொடிக்கு 60 முறை அது புதுப்பிக்கப்படும். மூன்றையும் பெருக்கினால் நொடிக்கு 12.4 கோடிப் புள்ளிகள். ரிஃப்ட் கருவியின் இரண்டு திரைகளிலும் சேர்த்து 2160, 1200 என்ற அளவில் புள்ளிகள். அவை நொடிக்கு 90 முறை புதுப்பிக்கப்படுகின்றன. பெருக்கினால் 23.3 கோடி. இத்துடன் முடியவில்லை. வில்லைகள் காட்சியை வளைத்துவிடுவதால், அவ்வளைவைச் சரிசெய்ய ஏதுவாகப் படத்தைச் சற்றுப் பெரிதாகவே வரைந்து பின்னர் குறுக்க வேண்டியுள்ளது. இதையும் சேர்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 40 கோடிப் புள்ளிகள் என்றார் பின்ஸ்டாக். அதாவது வழக்கமான திரைக்கு வேண்டிய உழைப்பைப் போல் மூன்று மடங்கு.

அக்குறிப்பில் பாராட்டத்தக்க இன்னொன்றும் உண்டு. ரிஃப்ட் கருவியின் வாழ்நாள் முழுவதும் இந்தப் பரிந்துரை மாறாது என்று அவர் உறுதி கூறினார். இதனால் விளையாட்டுகளையும் பயிற்சிக் காட்சிகளையும் உருவாக்குவோருக்கு நிலையான ஓர் இலக்குக் கிடைத்தது. வாங்குவோருக்கும் ஆண்டுதோறும் புதிய கார்டு வாங்க வேண்டுமோ என்ற அச்சம் நீங்கியது.

இத்தனை நல்ல கணக்கை வைத்திருந்தவர்கள், பட்டியலில் அந்தக் கணக்கை வைக்கவில்லை. பொருள்களின் பெயர்களை மட்டுமே வைத்தார்கள். குறிப்பைப் படித்தவர் சிலர். பட்டியலை எழுதி எடுத்துச் சென்றவர் பலர். என் முதன்மையான குறை இதுதான். எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல், அதைச் செய்யும் ஒரு பொருளின் பெயரை மட்டும் சொன்னால், அப்பொருள் கடையில் கிடைக்காத நாளில் வாசகன் கைவிளக்கு அணைந்தவனாக நிற்கிறான்.

‘அதற்கு மேற்பட்டது’ என்றால் என்ன?

ஜி.டி.எக்ஸ். 970 கார்டு 2014 இல் வந்தது. 2015 இன் தொடக்கத்தில் ஜி.டி.எக்ஸ். 960 வந்தது. பின்னால் வந்ததால் 960 மேற்பட்டதா? இல்லை. அது திறனில் குறைந்தது. எண் பெரிதாக இருந்தால் மேற்பட்டதா? அதுவும் உறுதியில்லை. லேப்டாப்புகளில் 970 என்ற அதே எண்ணோடு ‘எம்’ என்ற ஓர் எழுத்தை மட்டும் சேர்த்து ஒரு கார்டு விற்கப்பட்டது. மேசைக் கணிப்பொறியில் வரும் 970 இல் 1664 கணக்கிடும் அலகுகள் உள்ளன. லேப்டாப்பில் வரும் 970-எம் கார்டில் உள்ளவை 1280 மட்டுமே. பெயரில் ஓர் எழுத்து வேற்றுமை. திறனில் ஏறத்தாழ கால் பங்கு குறைவு. பட்டியலை நம்பிய ஒருவர், தம் லேப்டாப்பில் 970 இருக்கிறதே என்று மகிழ்ந்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

கார்டின் வேகத்தை அளக்கும் முறையிலும் ஒரு பொறி உள்ளது. சாதாரண விளையாட்டுகளுக்கு ‘நொடிக்குச் சராசரி இத்தனை படங்கள்’ என்ற அளவைப் பார்த்து வாங்குகிறோம். ஹெட்செட்டுக்குச் சராசரி போதாது. நொடிக்கு 90 படங்கள் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் காலம் 11.1 மில்லி நொடி. நூற்றுக்கு ஒரு படம் மட்டும் அந்தக் காலத்துக்குள் முடியாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு நிமிடத்துக்கு 5400 படங்கள் வரையப்படுவதால், நிமிடத்துக்கு 54 முறை காட்சி இடறும். மேசைத் திரையில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணோடு ஒட்டிய திரையில் ஒவ்வோர் இடறலும் உலகமே ஒரு கணம் குலுங்குவதுபோல் இருக்கும். கார்டின் திறன் தேவைக்குச் சற்று மேலேயே இருக்க வேண்டும் என்பதன் காரணம் இது. பட்டியல் இக்காரணத்தைச் சொல்லாததால், தேவைக்குச் சரியாகப் பொருந்தியதே போதும் என்ற எண்ணம் வாங்குவோரிடம் பரவியது.

மின்சாரத்தை மறந்த பட்டியல்

பட்டியலின் முதல் வரியை மீண்டும் பார்ப்போம். ஜி.டி.எக்ஸ். 970 அல்லது ஆர்.9-290. இரண்டும் ஒரே தட்டில் வைக்கப்பட்டுள்ளன. படம் வரையும் திறனில் இது ஓரளவு நியாயமே. ஆனால் முதல் கார்டு உட்கொள்ளும் மின்திறன் 145 வாட்டு. இரண்டாவது கார்டுக்கு ஏறத்தாழ 275 வாட்டு வேண்டும். வேறுபாடு 130 வாட்டு.

ஒரு கணக்குப் போடுவோம். பட்டியலில் உள்ள ஐ5-4590 பிராசசருக்கு 84 வாட்டு. மதர்போர்டு, வட்டு, மின்விசிறிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 வாட்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் கார்டோடு மொத்தம் 279 வாட்டு. இரண்டாவது கார்டோடு 409 வாட்டு. ஏற்கெனவே வீட்டில் உள்ள கணிப்பொறியில் 400 வாட்டுப் பவர் சப்ளை இருக்குமானால், முதல் கார்டு ஒருவாறு ஓடும். இரண்டாவது கார்டைச் செருகினால், காட்சி கனமாகும் நேரத்தில் கணிப்பொறி திடீரென்று அணையும். இயந்திரம் கெட்டுவிட்டதென்று எண்ணி உரியவர் பழுதுபார்ப்பவரிடம் ஓடுவார்.

இரண்டு கார்டுகளுக்கும் மின்சாரம் தரும் செருகிகளும் வேறு. 970 கார்டின் மூல வடிவம் ஆறு முள் செருகிகள் இரண்டைக் கேட்கும். 290 கார்டு ஆறு முள் செருகி ஒன்றும் எட்டு முள் செருகி ஒன்றும் கேட்கும். பழைய பவர் சப்ளைகளில் எட்டு முள் செருகி இல்லாமலும் இருக்கலாம். அதிக மின்சாரம் அதிக வெப்பமாகும் என்பதால் பெட்டிக்குள் காற்றோட்டமும் வேண்டும். இத்தனைக்கும் பட்டியலில் பவர் சப்ளை என்ற சொல்லே இல்லை. எஞ்சினின் திறனை எழுதிவிட்டு எரிபொருளின் அளவை விட்டுவிட்டது போன்றது இது.

ஓட்டை ஒன்று, வழி வேறு

இனி எச்.டி.எம்.ஐ. வரிக்கு வருவோம். லேப்டாப்பின் பக்கவாட்டில் எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருக்கிறது. கேபிளும் சரியாகச் செருகிக்கொள்கிறது. ஆனால் அக்காலத்துப் பல லேப்டாப்புகளில் அந்த ஓட்டை திறன்மிக்க கிராஃபிக்ஸ் கார்டோடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கவில்லை. பிராசசருக்குள் அடங்கிய சிறிய கிராஃபிக்ஸ் பகுதியோடுதான் இணைக்கப்பட்டிருந்தது. பெரிய கார்டு வரைந்த படம் சிறிய பகுதியின் வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியே வரும். இவ்வழியில் ரிஃப்ட் இயங்காது. இதையும் பின்ஸ்டாக் தம் குறிப்பில் தெளிவாகவே எழுதியிருந்தார். பட்டியலோ ‘எச்.டி.எம்.ஐ. 1.3’ என்று ஓட்டையின் பெயரோடு நிறுத்திக்கொண்டது. வாங்குவோர் கண்ணுக்குத் தெரிவது ஓட்டை மட்டுமே. உள்ளே செல்லும் வழி தெரியாது.

யு.எஸ்.பி. வரியில் சிக்கல் இன்னும் கூடுதல். ரிஃப்ட் கருவி தான் இருக்கும் இடத்தை அறிய, மேசைமீது வைக்கப்படும் உணர்வுக் கேமராக்களை நம்பியது. அக்கேமராக்கள் எடுக்கும் படங்கள் இடைவிடாமல் யு.எஸ்.பி. வழியாகக் கணிப்பொறிக்குச் செல்லும். மதர்போர்டின் பின்புறம் நான்கு யு.எஸ்.பி. ஓட்டைகள் இருக்கலாம். அவை நான்கும் உள்ளே ஒரே கட்டுப்படுத்தும் சில்லைப் பகிர்ந்துகொண்டால், நான்கு குழாய்களும் ஒரே தொட்டியிலிருந்து பிரிவது போன்ற நிலை ஏற்படும். ஒன்றைத் திறந்தால் மற்றவற்றில் அழுத்தம் குறையும். 2015 இல் இரண்டு யு.எஸ்.பி. 3.0 போர்ட்டுகள் போதும் என்றிருந்த பட்டியல், 2016 மார்ச்சில் கருவி விற்பனைக்கு வந்தபோது மூன்று யு.எஸ்.பி. 3.0 போர்ட்டுகளும் ஒரு யு.எஸ்.பி. 2.0 போர்ட்டும் என்று மாறியிருந்தது. மாறாது என்று சொன்ன பட்டியலின் இந்தப் பகுதி, ஓர் ஆண்டுக்குள்ளேயே மாறிற்று. யு.எஸ்.பி.க்கென்றே தனி அட்டை வாங்கிச் செருகியவர்கள் பலர்.

அதே காலத்தில், 2016 ஏப்ரலில் வந்த எச்.டி.சி. வைவ் கருவியை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் 2160, 1200 புள்ளிகள். அதற்கும் நொடிக்கு 90 படங்கள். பரிந்துரைத்த கார்டுகளும் அவையே. ஆனால் அதற்கு ஒரே ஒரு யு.எஸ்.பி. 2.0 போர்ட் போதும் என்றார்கள். காரணம், வைவ் கருவி தன் இடத்தை அறியும் முறை வேறு. அறையின் மூலைகளில் உள்ள பெட்டிகள் லேசர் ஒளியை வீசுகின்றன. அவ்வொளி தன்மீது படும் கணத்தைக் கருவியில் உள்ள உணரிகள் குறித்துக்கொள்கின்றன. கணிப்பொறிக்குச் செல்வது படங்கள் அல்ல, சில எண்கள் மட்டுமே. எண்களுக்குக் குறுகிய வழி போதும். இரண்டு கருவிகளின் பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஒன்று ஏன் மூன்று போர்ட்டும் மற்றொன்று ஏன் ஒரு போர்ட்டும் கேட்கின்றன என்பது புரியாது. இடமறியும் முறையை ஒரே வரியில் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும்.

சரியான போர்ட் இருந்தும் தொல்லை வந்ததுண்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் 500 வரிசை மதர்போர்டுகளில் யு.எஸ்.பி. இணைப்பு அவ்வப்போது அறுந்து போவதாக எழுந்த முறையீட்டை, 2021 பிப்ரவரியில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, ஏப்ரல் மாத அளவில் பயாஸ் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. இத்தகைய செய்திகள் அச்சிட்ட பட்டியலில் இருக்க முடியாது என்பது உண்மை. பட்டியலில் ‘ஆம்’ என்று இருந்தாலும் இணைப்பைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இவை சான்று.

ஒரே சொல்லுக்கு இரு பொருள்

2016 அக்டோபரில் ஆக்குலஸ் இன்னொரு பட்டியலை வெளியிட்டது. அது ‘குறைந்தபட்சத் தேவை’. அதில் ஜி.டி.எக்ஸ். 960 கார்டும் ஐ3-6100 பிராசசரும் போதும் என்று இருந்தது. விலை குறைந்த கணிப்பொறிக்கும் வழி திறந்தது நல்லதே. ஆனால் இது எவ்வாறு இயன்றது?

ஒரு தந்திரத்தால் இயன்றது. கணிப்பொறி நொடிக்கு 90 படங்களை வரைய இயலாதபோது 45 படங்களை மட்டும் வரையும். அடுத்தடுத்த இரண்டு படங்களில் பொருள்கள் எவ்வாறு நகர்ந்துள்ளன என்பதைக் கொண்டு, அடுத்து வரவேண்டிய படத்தை மென்பொருள் ஊகித்து உருவாக்கும். இது வியக்கத்தக்க கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. தலைச்சுற்றலைப் பெரிதும் தடுக்கவும் செய்தது. ஆயினும் ஊகம் ஊகமே. வேகமாக நகரும் பொருள்களின் விளிம்பிலும், ஒன்றன் பின்னிருந்து மற்றொன்று வெளிப்படும் இடத்திலும் காட்சி நெளிந்து தெரியும்.

‘இந்தக் கருவி இந்தக் கணிப்பொறியில் இயங்கும்’ என்ற தொடருக்கு இதனால் இரண்டு பொருள்கள் உண்டாயின. ஒன்று, தொண்ணூறும் உண்மைப் படங்கள். மற்றொன்று, பாதி உண்மை, பாதி ஊகம். எந்தப் பட்டியல் எந்தப் பொருளில் பேசுகிறது என்பதை வாங்குவோரிடம் சொல்லியிருக்க வேண்டாமா? பாலில் தண்ணீர் கலந்து விற்பது எல்லா நேரமும் குற்றமில்லை. மோர் என்று சொல்லி விற்கலாம். பால் என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

காலம் செய்யும் மாற்றம்

பட்டியல் ஒரு நாளில் எழுதப்படுகிறது. கணிப்பொறியோ பல ஆண்டுகள் வீட்டில் இருக்கிறது. 2019 இல் ‘ரிஃப்ட் எஸ்’ வந்தபோது உணர்வுக் கேமராக்கள் தலைக்கருவியிலேயே பொருத்தப்பட்டன. ஆகவே யு.எஸ்.பி. 3.0 போர்ட் ஒன்றே போதுமாயிற்று. ஆனால் எச்.டி.எம்.ஐ. கைவிடப்பட்டு அதன் இடத்தில் டிஸ்ப்ளேபோர்ட் வந்தது. பழைய பட்டியலின்படி எச்.டி.எம்.ஐ. மட்டுமே உள்ள லேப்டாப் வாங்கியவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் மலிவான கேபிள் ஒருவழிப் பாதை. அதைத் திருப்பிச் செருகினால் வேலை செய்யாது.

இம்மாற்றங்களையும் கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 2019 இல் வந்த வால்வ் இண்டெக்ஸ் கருவியை எடுத்துக்கொள்வோம். இரு கண்களுக்கும் சேர்த்து 2880, 1600 புள்ளிகள். அதன் உயர்ந்த வேகம் நொடிக்கு 144 படங்கள். புள்ளி ஒன்றுக்கு 24 பிட் என்று கொண்டால் நொடிக்கு 15.9 கிகாபிட் செல்ல வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வழியாகப் பயனுள்ள செய்தி நொடிக்கு 17.28 கிகாபிட் செல்லும். எச்.டி.எம்.ஐ. 2.0 வழியாக 14.4 கிகாபிட் மட்டுமே செல்லும். ஆகவே இக்கருவி டிஸ்ப்ளேபோர்ட்டை மட்டும் கேட்பதில் வியப்பு எதுவும் இல்லை. குழாயின் விட்டம் போதவில்லை. இந்த ஒரு பெருக்கல் தெரிந்த மாணவன், எந்தப் பட்டியலின் துணையும் இன்றி விடை கண்டுவிடுவான்.

எதிர்காலத்துக்கென்று வாங்குவோருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. படம், செய்தி, மின்சாரம் மூன்றையும் ஒரே கேபிளில் அனுப்பும் ‘விர்ச்சுவல்லிங்க்’ என்ற முறையை 2018 ஜூலையில் என்விடியா, ஆக்குலஸ், வால்வ், ஏ.எம்.டி., மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்தன. அதற்கான போர்ட்டோடு என்விடியாவின் 20 வரிசைக் கார்டுகள் பல விற்கப்பட்டன. 2020 இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. அவ்வாண்டு வந்த 30 வரிசைக் கார்டுகளில் அந்தப் போர்ட் இல்லை. ஐந்து பெரிய நிறுவனங்கள் கூடி எழுதிய வாக்குறுதியின் ஆயுள் இரண்டே ஆண்டுகள்.

மென்பொருளால் பொருத்தம் அறுந்த கதையும் உண்டு. விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற அமைப்பை நம்பிப் பல நிறுவனங்கள் தலைக்கருவிகளைச் செய்தன. 2020 இல் வந்த எச்.பி. ரிவெர்ப் ஜி-2 அவற்றுள் ஒன்று. கண் ஒன்றுக்கு 2160, 2160 புள்ளிகள் கொண்ட கூர்மையான கருவி அது. 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அவ்வமைப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. 2024 இல் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில் அது நீக்கப்பட்டது. கார்டும் சரி, கேபிளும் சரி, பவர் சப்ளையும் சரி. ஆனாலும் விண்டோஸைப் புதுப்பித்தவரின் கருவிக்கு அந்நிறுவனம் தந்திருந்த வழி அடைபட்டுவிட்டது. எந்தப் பட்டியலிலாவது ‘இந்த ஆண்டு வரை இம்மென்பொருளைத் தருவோம்’ என்ற ஒரு வரி இருந்ததா?

பட்டியலுக்கு ஆதரவான வாதம்

பட்டியலுக்காக வாதாடுவோர் சொல்வதையும் கேட்க வேண்டும். ‘சாதாரண மனிதனுக்குக் கணக்கு வேண்டாம், பெயர்தான் வேண்டும். நோயாளிக்கு மருத்துவர் மருந்தின் பெயரை எழுதித் தருகிறார், வேதியியலைக் கற்பிப்பதில்லை’ என்பார்கள். பட்டியலோடு, கணிப்பொறியைத் தானே சோதித்துச் சொல்லும் மென்பொருளையும் ஆக்குலஸ் தந்தது. வால்வ் நிறுவனமும் 2016 இல் அத்தகைய சோதனை ஒன்றைத் தந்தது. இவை பயனுள்ளவை என்பதை மறுக்க முடியாது.

ஆனால் மருத்துவர் நோயாளியை நேரில் பார்க்கிறார். பட்டியல் நம் கணிப்பொறியைப் பார்ப்பதில்லை. சோதிக்கும் மென்பொருளோ, உறுப்புகளை வாங்கிப் பொருத்திய பிறகுதான் வாய் திறக்கும். வாங்குவதற்கு முன்னால் வழிகாட்டும் ஆற்றல் அதற்கு இல்லை. மேலும், மருந்துச் சீட்டில்கூட எவ்வளவு, எப்போது, எதனோடு சேர்த்து உண்ணலாகாது என்பவை எழுதப்படுகின்றன. அந்த அளவு விவரத்தைத்தான் நாம் கேட்கிறோம்.

பட்டியல் நீள வேண்டியதில்லை. கார்டின் பெயருக்குப் பக்கத்தில் அது வரைய வேண்டிய புள்ளிகளின் எண்ணிக்கை, அது உட்கொள்ளும் வாட்டு, படம் செல்லும் வழியின் அளவு, யு.எஸ்.பி.யில் என்ன செல்கிறது என்பது, உண்மைப் படங்கள் எத்தனை, மென்பொருள் எந்த ஆண்டு வரை தரப்படும் என்பது ஆகிய ஆறு செய்திகள் போதும். ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும்.

வாசகர்கள் செய்யத்தக்கது

நிறுவனங்கள் திருந்தும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தேர்வின் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலோர் கார்டிலிருந்து தொடங்குகிறார்கள். தலைக்கருவியிலிருந்து தொடங்குவதே முறை. அதன் புள்ளிகளையும் வேகத்தையும் குறித்துக்கொண்டு பெருக்குக. கிடைத்த எண்ணைக்கொண்டு, படம் எந்தக் கேபிளில் செல்ல முடியும் என்று பார்க்க. அடுத்து, அந்தக் கேபிளுக்குரிய ஓட்டை பெரிய கார்டிலேயே உள்ளதா என்று பார்க்க. லேப்டாப் வாங்குவோர் இக்கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்காமல் பணம் தரலாகாது. பிறகு, கருவி தன் இடத்தை எவ்வாறு அறிகிறது என்று கேட்டு யு.எஸ்.பி. தேவையை முடிவு செய்க. இவை முடிந்த பின் கார்டைத் தேர்க. கார்டு முடிவானதும் பவர் சப்ளையின் வாட்டையும் செருகிகளையும் பெட்டியின் இடத்தையும் கணக்கிடுக. பிராசசரும் ரேமும் இறுதியில் வரட்டும்.

கேபிள் இல்லாமல் அல்லது யு.எஸ்.பி. கேபிள் மட்டும் கொண்டு கணிப்பொறியோடு இணையும் கருவிகளுக்கு இன்னொரு படி உண்டு. 2020 இல் வந்த குவெஸ்ட் 2 போன்ற கருவிகளில் கணிப்பொறி வரைந்த படம் வீடியோவாகச் சுருக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. தலைக்கருவி அதை விரித்துக் காட்டுகிறது. இங்கே எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளேபோர்ட் பற்றிய கவலை இல்லை. கவலை வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. கார்டில் உள்ள வீடியோ சுருக்கும் பகுதியின் வேகமும், வீட்டு வைஃபை ரௌட்டரின் தரமும், அது வைக்கப்பட்டுள்ள இடமும் முக்கியமாகிவிடுகின்றன. சுருக்கவும் விரிக்கவும் ஆகும் நேரம், முன்னர் கண்ட 20 மில்லி நொடிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது என்பதையும் மறக்கலாகாது.

2015 ஆம் ஆண்டுப் பட்டியலைப் பற்றிய என் முடிவு இது. அதை எழுதியவர்கள் அறியாதவர்கள் அல்லர். அறிந்ததைக் குறிப்பில் எழுதிவிட்டு, மக்கள் கையில் போய்ச் சேரும் தாளில் எழுதாமல் விட்டார்கள். அந்தத் தாளில் இடம்பெற்ற கார்டுகள் கடைகளின் விற்பனை வரிசையிலிருந்து மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. குறிப்பில் இருந்த பெருக்கல் கணக்கு இன்று வரும் கருவிகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. அடுத்த முறை ஒரு பட்டியல் கையில் கிடைக்கும்போது, கடைக்குப் புறப்படும் முன் அதன் பின்புறத்தில் அக்கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள்.